பாகப்பிரிவினையில் விட்டுப்போன லிங்க்



அண்ணனும் தம்பியும் ஷூ பட்டறையைப் பிரித்த அன்று எல்லாவற்றையும் பிரித்தார்கள். தையல் மெஷின்கள், தோல் சுருள்கள், மரத்தில் செய்த கால் அச்சுகள், மேஜை விசிறி, வருகிறவர்கள் உட்கார வாசலில் போட்டிருந்த நாற்காலிகள் வரை. கடையின் பெயரும் வெப்சைட்டும் பெரியவருக்கு. கம்ப்யூட்டர்களும் கேமராவும் சின்னவனுக்கு. யாரும் சத்தம் போடவில்லை. போட வேண்டிய சத்தமெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களிலேயே தீர்ந்து போயிருந்தது.

ஒரே ஒரு பொருளைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். அதைக் கையில் தூக்கிப் பார்க்க முடியாது, அலமாரியில் வைக்க முடியாது. அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் அது கண்ணில் பட்டது.

போனை எடுத்தது அண்ணி. பெரியவரின் மனைவி. அவளைச் சின்னவன் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்து, பட்டறையில் வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டு, தோல் கொண்டுவந்து போடுகிறவர் கூப்பிட்டு, கடைசியில் அளவு கொடுக்க வருகிற வயதானவர்கள்கூட அண்ணி என்றே கூப்பிட்டார்கள். கடைக்கு வரும் போன்கள், ஆர்டர்கள், சண்டைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஷூ தைப்பது மட்டும் பெரியவர்.

சாதாரண ஷூ இல்லை. ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் இருப்பவர்கள், பாதம் உள்பக்கம் வளைந்து பிறந்த குழந்தைகள், விரல் இழந்தவர்கள், இவர்களுக்கென்று ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகத் தைக்கிற ஷூ.

போனில் பேசியது ஒரு குழந்தையின் அம்மா.

"அண்ணி, நீங்க இப்ப மெத்தையும் விக்கிறீங்களா?"

"என்ன மெத்தை?"

"ஷூக்குள்ள வைக்கிற மெத்தைதான். டாக்டரம்மா அனுப்பின லிங்க்கைத்தான் அமுக்கினேன். அளவு எடுக்கிற பக்கம் வரும்னு பார்த்தா, எல்லாக் காலுக்கும் ஒரே மெத்தைன்னு போட்டிருந்துச்சு. சரி, புதுசா ஏதோ கொண்டுவந்திருக்கீங்கன்னு பாப்பாவுக்கு ஒரு ஜோடி ஆர்டர் போட்டுட்டேன்."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தன் போனில் அதே லிங்க்கைத் தட்டினாள்.

வந்தது அவர்கள் பக்கம் இல்லை. சின்னவன் புதிதாக ஆரம்பித்திருந்த ஆன்லைன் கடை.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பெரியவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு கால் அச்சை ராவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

அந்த லிங்க்கின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

கடையின் வெப்சைட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. வீட்டிலேயே கால் அளவு எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் பக்கம். குழந்தையை வெள்ளைத் தாளில் நிற்க வையுங்கள், உட்கார வைக்காதீர்கள். பென்சிலை நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் அளவு குறையும். சாயங்காலம் எடுங்கள், அப்போதுதான் கால் முழுசாக விரிந்திருக்கும். இப்படிப் பெரியவர் வாயால் சொன்னதைச் சின்னவன் எழுதிப் படத்தோடு போட்டான். தலைப்பைத் தமிழில் வைத்தான்.

வந்தது வினை. அந்தப் பக்கத்தின் முகவரியை யாருக்காவது அனுப்பினால் தமிழ் எழுத்தெல்லாம் சிதறிப்போய், சதவீதக் குறியும் எண்ணுமாகப் போன் திரை முழுக்க ஓடியது. பார்த்தவர்கள் ஏதோ வைரஸ் என்று பயந்து அழித்தார்கள்.

சின்னவன் ஒரு குட்டி முகவரி வாங்கினான். கடைப்பெயரின் முதல் எழுத்துகள், ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், மெயில் என்று ஷேர் பட்டன்கள் வைத்தான். எதை அமுக்கினாலும் நீள முகவரி போகாது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்ன லிங்க் போகும். தட்டினால் சரியான பக்கம் திறக்கும். பார்க்கக் கடைப்பெயர் மாதிரியே இருந்ததால் யாரும் பயப்படவில்லை. அம்மாக்கள் அம்மாக்களுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளின் எலும்பு டாக்டரம்மா, தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

வெப்சைட் பெரியவருக்குப் போனது. அந்தக் குட்டி முகவரி மட்டும், அதை வாங்கிய சின்னவன் பெயரிலேயே இருந்தது.

பெரியவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் கடைக்கு ஏன் போகுது?"

"போகலை. அனுப்பியிருக்கான். நம்ம சைட்டை நேரா திறந்தா சரியாத்தான் இருக்கு. அந்தச் சின்ன லிங்க்கைத் தட்டினா மட்டும் அங்க இழுத்துட்டுப் போகுது."

"எல்லாமேவா?"

அண்ணி பழைய செய்திகளில் தேடி நாலைந்தைத் தட்டிப் பார்த்தாள். "எல்லாமே."

பெரியவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. எழுந்து கை கழுவுவார். இப்போதும் கழுவினார்.

"இன்னைக்கு மதியம் டாக்டரம்மா முகாம்."

அண்ணி அதை மறந்திருந்தாள். பாதம் வளைந்த குழந்தைகளுக்கான முகாம். வருகிற ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுக்கப்போகிறார்கள். தாளின் அடியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது அந்தச் சின்ன லிங்க்தான்.

"அந்த மெத்தையை வளைஞ்ச காலுக்கு வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ஆறு மாசமா கட்டுப் போட்டு நிமித்தினது மறுபடியும் உள்ள திரும்பும். மெத்து மெத்துன்னு இருக்கும், குழந்தை அழாது. அதான் ஆபத்து." சட்டையை மாட்டிக்கொண்டார். "நான் போய் அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீ அங்க போகாத. போனும் பண்ணாத."

அண்ணி சரி என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்காமல் படியிறங்கிப் போனார்.

அவள் காத்திருந்த அம்மாவிடம், அந்த மெத்தை வந்தால் பிரிக்கவே வேண்டாம் என்று சொன்னாள். பிறகு பட்டறையைப் பூட்டினாள்.

சின்னவனின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது அவள் ஓரகத்தி, சின்னவன் மனைவி.  குடும்பத்தைப் பிரித்தவள் என்று சொந்தக்காரர்கள் பட்டம் கட்டியது இவளுக்குத்தான். அண்ணி அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை.

"வாங்கக்கா," என்று வழிவிட்டாள்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவில் மேஜை, மேஜையில் இரண்டு திரைகள், திரைகளுக்கு முன்னால் சின்னவன். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தான்.

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரலை. லிங்க்கை மாத்தினது நீயா?"

"நான்தான்."

பொய் சொல்லத் தெரியாதது அந்த வீட்டு ஆண்களுக்குப் பொதுவான குறை.

"ஏன்?"

"என் பேர்ல இருக்கு. நான் வாங்கினது. பிரிக்கும்போது யாரும் கேக்கலை."

"கேக்கலைன்னா? நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாயைத் திறந்தேன் அண்ணி. அண்ணன் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வெப்சைட்டை வளர்த்ததற்கும் ஒரு மதிப்புப் போட வேண்டும் என்று சின்னவன் கேட்டான். பஞ்சாயத்துக்கு வந்திருந்தவர்கள் பெரியவரைப் பார்த்தார்கள். அவர், "என்ன பண்ணிட்டான்? பக்கத்துக்கு அடியில நாலு பட்டன் வெச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள்.

"அந்த நாலு பட்டனைத்தான் எடுத்துக்கிட்டேன்," என்றான் சின்னவன். "வேற எதையும் தொடலை."

 அவன் ஒரு திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"அண்ணன் ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறார். எனக்கு அவங்க கால் தெரியாது. ஆனா அவங்க எப்ப வருவாங்கன்னு தெரியும். எங்க இருந்து வர்றாங்கன்னு தெரியறதுக்காக, ஒவ்வொரு பட்டனுக்கும் லிங்க்கோட கடைசி எழுத்துகளைத் தனித்தனியா வெச்சிருக்கேன். வாட்ஸ்அப்ல இருந்து வர்றவங்கதான் அதிகம். மதியம் குழந்தையைத் தூங்க வெச்சுட்டுத்தான் அமுக்குறாங்க. மெயில்ல வர்றவங்க ஆஸ்பத்திரிக்காரங்க. ஒரு படம் சரியில்லைன்னா பாதியில திரும்பிப் போயிடுவாங்க, நான் படத்தை மாத்துவேன். இதெல்லாம் வேலை இல்லையா?"

"வேலைதான்."

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அடுத்து வைத்திருந்த பேச்சு அவனிடமே தங்கிவிட்டது.

"இன்னைக்குக் காலைல உனக்கு ஒரு ஆர்டர் வந்திருக்குமே," என்றாள் அண்ணி. "சின்னக் குழந்தைக்கு ஒரு ஜோடி மெத்தை."

அவன் பார்த்தான். இருந்தது.

"அந்தக் குழந்தைக்குப் பாதம் வளைஞ்சது. கட்டுப் பிரிச்சு இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கு. டாக்டரம்மா முந்தி அனுப்பின லிங்க்கை நம்பி உன் கடைக்கு வந்திருக்காங்க. மதியம் முகாம்ல இன்னும் நூறு பேருக்கு அதே லிங்க்கைத் தாள்ல அடிச்சுக் கொடுக்கப் போறாங்க."

சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முகாம் இன்னைக்கா?"

"இன்னைக்கு."

"எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

அவன் முதலில் அந்த ஆர்டரை ரத்து செய்தான். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்தான். நீளமான அட்டவணை. ஒரு வரியை எடுத்து, அது போய்ச் சேர வேண்டிய முகவரியை மாற்றினான்.

"தட்டிப் பாருங்க."

அண்ணி தன் போனில் தட்டினாள். தாளில் நிற்கும் குழந்தைக் கால், நேராகப் பிடித்த பென்சில். பழைய பக்கம்.

"அளவெடுக்கிற பக்கத்தை மட்டும் திருப்பிட்டேன். யார் எப்ப அனுப்பின லிங்க்கா இருந்தாலும் இனிமே அங்கதான் போகும்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததை அண்ணன் வாயால கேக்கட்டும். வீட்டுக்குக்கூட வர வேணாம். போன்ல கேட்டா போதும்."

அதற்குமேல் அவளால் ஒன்றும் பெயர்க்க முடியாது என்று அண்ணிக்குத் தெரிந்தது. கிளம்பினாள்.

ஓரகத்தி வழியனுப்ப வருவதுபோல லிப்ட் வரை வந்தாள். லிப்ட் வந்து, கதவு திறந்து, மூடியது. இருவரும் ஏறவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அவரு சொல்ல மாட்டாரு."

"சொல்லு."

"புதுக் கடைல எங்கண்ணன் கூட்டுன்னு தெரியும்ல? லிங்க்கைத் திருப்பலாம்னு யோசனை சொன்னது அவன்தான். இப்ப அந்தக் குட்டி முகவரியையே கம்பெனி பேருக்கு மாத்திக் கொடுன்னு நிக்கிறான். எல்லாம் எழுதியாச்சு. இவரு மெயில்ல வந்த பட்டனை ஒரு தடவை அமுக்கினா முடிஞ்சுது, அப்புறம் இவரு நினைச்சாலும் எதையும் திருப்ப முடியாது. பத்து நாளா அமுக்காம வெச்சிருக்காரு. மதியம் எங்கண்ணன் வர்றான்."

"உங்கண்ணனுக்கு முகாம் விஷயம் சொன்னா?"

"எங்கண்ணன் கெட்டவன் இல்லக்கா. ஆனா வியாபாரம்னு வந்துட்டா காது கேக்காது."

அண்ணி அவளை ஒரு முறை பார்த்தாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்ற?"

"வேற யார்கிட்ட சொல்றது?" என்றாள் ஓரகத்தி.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் பெரியவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் துண்டுத்தாள் கட்டு, வலது பக்கம் முடித்த தாள்கள். கையில் பேனாவும் இரும்பு ஸ்கேலும். ஒவ்வொரு தாளிலும் அந்தச் சின்ன லிங்க்கின் மேல் ஸ்கேலை வைத்து ஒரே நேர்க்கோடாக அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கிற கோட்டைக்கூட அவருக்குக் கோணலாகப் போட வராது.

டாக்டரம்மா நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே குழந்தைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் அண்ணி. "சரியாயிடுச்சு."

போனை நீட்டினாள். அவர் தட்டினார். தன் பக்கத்தைத் தானே பார்த்தார்.

"யார் திருப்பினா?"

"தம்பி."

"நீ போனியா?"

"போனேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. அதற்குள் டாக்டரம்மா போனை வாங்கிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லது. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நேத்து வரைக்கும் உங்க பக்கம் வந்துச்சு. காலைல வேற கடை வந்துச்சு. இப்ப மறுபடியும் உங்க பக்கம் வருது. சாயங்காலம் எது வரும்?"



"தாள்ல இருக்கிறதை அடிச்சுடலாம். ரெண்டு வருஷமா நான் அனுப்பினது எல்லாம் அம்மாக்கள் போன்ல கிடக்கு. அவங்க அதை அக்கா தங்கச்சிக்கு, பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. அதையெல்லாம் எந்தப் பேனாவால அடிப்பீங்க?"

பெரியவர் முடித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்தார். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"உங்க குடும்பச் சண்டையில நான் தலையிடலை," என்றார் டாக்டரம்மா. "ஒரே கேள்விதான். அந்த லிங்க்கை நம்பி நான் குழந்தைங்களை அனுப்பலாமா, கூடாதா? அனுப்பலாம்னு நீங்க சொன்னா கொடுக்கிறேன். கூடாதுன்னா, எல்லாருக்கும் அதை அழிக்கச் சொல்லி இன்னைக்கே செய்தி அனுப்பிடறேன். அப்புறம் உங்க கடையையும் சேர்த்துத்தான் மறப்பாங்க."

பெரியவர் ஸ்கேலைத் தள்ளி வைத்தார்.

"அனுப்பலாம். என் தம்பி கோபக்காரன். என் மேல கோபத்துல என்ன வேணா பண்ணுவான். குழந்தைங்க விஷயம்னு தெரிஞ்சப்புறம் மாத்த மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

இரண்டு மாதத்தில் அவர் தம்பியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கேட்டு அண்ணி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா அடிக்காத தாள்களை எடுத்தார். கதவு வரை போனார்.

"இருங்க," என்றாள் அண்ணி.

இருவரும் திரும்பினார்கள்.

"அவர் சொன்னது சரிதான். தம்பி மாத்த மாட்டான். ஆனா அது தம்பி கையிலேயே இருக்கும்னு சொல்ல முடியாது. அவன் மச்சினன் தன் கம்பெனி பேருக்குக் கேக்கிறான். இவன் ஒரு பட்டனை அமுக்கினா போயிடும். இன்னும் அமுக்கலை."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியவர்.

"சின்னவள் சொன்னா."

"அவளா?"

"அவளேதான்."

பெரியவர் அதை உள்ளே வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. ஒருவேளை வேறு பலவற்றையும் சேர்த்து யோசித்திருக்கலாம், முகத்தில் தெரியவில்லை.

"தம்பி என்ன கேக்கிறான்?"

"நீங்க உங்க வாயால கேக்கணும்னு. வேற ஒண்ணுமில்லை."

டாக்டரம்மா தாள்களை மார்போடு அணைத்தபடி சுவரில் சாய்ந்தார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"நம்பர் போடு," என்றார் பெரியவர். தன் போனில் தம்பியின் எண்ணை அவர் அழித்துப் பல நாளாகிவிட்டது.

அண்ணி தன் போனில் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, தாள்களின் மேல் வைத்தாள். எடுப்பதற்கு நேரமானது.

"சொல்லுங்க அண்ணி," என்றது சின்னவன் குரல். காத்திருக்காமல் தானே பேசிக்கொண்டு போனான். "அந்தம்மாவுக்கு நானே போன் பண்ணிட்டேன். மெத்தை வேணாம், அண்ணன்கிட்டயே அளவு கொடுங்க, அவரு தைக்கிற மாதிரி யாரும் தைக்க முடியாதுன்னு சொன்னேன். அவங்க சரின்னுட்டாங்க. நீங்க அண்ணன்கிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம்."

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணி இல்லடா. நான்."

சத்தமே இல்லை. போன் வைக்கப்பட்டுவிட்டதோ என்று அண்ணி குனிந்து திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த லிங்க் எனக்கு வேணும்," என்றார் பெரியவர். "கேக்கத்தான் கூப்பிட்டேன். அன்னைக்கு நாலு பேர் முன்னாடி நான் பேசினது தப்பு. பட்டன் வெச்சதும் வேலைதான்."

 பிறகு சின்னவனின் குரல், இந்த முறை மிகவும் தாழ்ந்து:

"ஸ்பீக்கர்லயா இருக்கீங்க?"

"ஆமா."

"அதை அணைங்க அண்ணே."

பெரியவருக்கு எதை அமுக்குவது என்று தெரியவில்லை. அண்ணி அணைத்துக் கொடுத்தாள். அவர் போனைக் காதில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தம்பி நிறையப் பேசினான் போலிருக்கிறது. இவர் ம் கொட்டவும் இல்லை.

முகாமுக்கு வந்த முதல் குழந்தையை யாரோ உள்ளே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா இன்னும் தாள்களைக் கொடுக்கவில்லை. அண்ணி கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்படா அமுக்கின?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, லிங்க் மச்சினன் கைக்குப் போய்விட்டது. அவர் தாள்களை மெதுவாக மேஜை மேலேயே திரும்ப வைத்தார்.